அம்பாசிடர் மார்க் 4: அறுபதில் சீராகப் போகும்போது மட்டும் கரண்ட் கட் ஆகுது

மார்க்4_கரூர்

எல்லாருக்கும் வணக்கங்க. அப்பா வாங்கின 1984 மார்க் 4, பெட்ரோல், பழைய 1489 சிசி என்ஜின். பாயின்ட் (காயிலுக்குப் போற கரண்டைத் திறந்து மூடற சின்ன சுவிட்ச்), கண்டென்சர் வச்ச பழைய செட்டப்தான் இருக்கு, எலக்ட்ரானிக் செட் எதுவும் மாட்டலைங்க. நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரி மைனஸ் பாடியில.

காலையில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது. ஐடிலிங் சுத்தமா இருக்கு. ஊருக்குள்ள ஓட்டறப்போ பெருசா ஒண்ணும் தெரியறதில்லை. பைபாஸ் ஏறி டாப் கியர் போட்டு, 55-60ல ஆக்ஸிலேட்டரை லேசா வச்சுக்கிட்டுப் போறப்போதான் வருது. சாவியை ஆஃப் பண்ணின மாதிரி என்ஜின் பொசுக்குனு செத்துப்போய், அரை நொடியோ ஒரு நொடியோ கழிச்சுத் திரும்ப வருது. வர்றப்போ சைலன்சர்ல ‘டப்’புனு ஒரு வெடி. முழுசா மிதிச்சா உடனே சரியாகி நல்லா இழுக்குது. மேம்பாலம் ஏறறப்போ ஒரு தடவை கூட வந்ததில்லை.

பிளக் நாலும், காயில், கண்டென்சர், பிளக் வயர் செட், பெட்ரோல் பம்ப் கிட் எல்லாம் மாத்தியாச்சு. கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவியாச்சு. பட்டறையில நிறுத்தி ரேஸ் பண்ணிப் பார்த்தா ஒண்ணும் காட்ட மாட்டேங்குது. இப்போ பிளக்குக்கெல்லாம் கரண்ட் பிரிச்சுக் கொடுக்கற, பாயின்ட் உள்ள இருக்கற டிஸ்ட்ரிபியூட்டரையே மாத்திடலாம்னு சொல்றாங்க. புதுப்பேட்டையில பழசு ஒண்ணு இருக்காம். காரணம் தெரியாம இன்னொரு பழசை வாங்கி மாட்ட மனசு வரலைங்க. எங்கே இருந்து ஆரம்பிக்கறது?

சேலத்துக்காரன்

வேப்பர் லாக் மாதிரி தெரியுதே. இந்த வெயிலுக்குப் பெட்ரோல் லைன் மேனிஃபோல்டு பக்கத்துல போனாலே சூடாகி ஆவியாயிடும். பம்ப் மேல ஈரத்துணி சுத்தி ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகும் வருதான்னும் பாருங்க.

பழைய_பட்டறை

மதுரையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தம்பி, நீங்கள் எழுதினதிலேயே பாதி பதில் இருக்கிறது. பெட்ரோல் குறைந்தால் வண்டி ‘பொசுக்’கென்று சாகாது. இழுவை மெல்ல இறங்கும், திணறும், சோக் இழுத்தால் கொஞ்சம் தேறும். முழுசா மிதிக்கும்போதும் மேடு ஏறும்போதும்தான் என்ஜினுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும், தட்டுப்பாடு இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். உங்களுக்கு நேர் எதிர். மிதித்தால் சரியாகிறது, மேட்டில் வருவதே இல்லை. வேப்பர் லாக் அரை நொடியில் வந்து அரை நொடியில் போகிற விஷயமும் இல்லை.

அந்த ‘டப்’ சத்தம்தான் முக்கியமான சாட்சி. ஸ்பார்க் இல்லாத நேரத்திலும் என்ஜின் சுற்றிக்கொண்டே பெட்ரோல் கலவையை இழுத்து எரிக்காமல் சைலன்சருக்குத் தள்ளுகிறது. ஸ்பார்க் திரும்பி வந்ததும் அங்கே தேங்கினது பற்றிக்கொள்கிறது. அதாவது பெட்ரோல் வந்திருக்கிறது, கரண்ட்தான் வரவில்லை. கார்புரேட்டரை இனிமேல் தொட வேண்டாம்.

அடுத்த கேள்வி, 12 வோல்ட்டை ஸ்பார்க் வோல்ட்டாக ஏற்றும் காயிலுக்கு முன்னாடியா பின்னாடியா என்பது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியான கேப், ரோட்டார், பிளக் வயர், பிளக் இவற்றில் லீக் இருந்தால் லோடில்தான் மிஸ் அடிக்கும். முழு த்ராட்டிலில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். அப்போதுதான் பலவீனமான இடம் வழியாகக் கரண்ட் ஓடிவிடும். அதிலும் ஒரு சிலிண்டர், ரெண்டு சிலிண்டர் தடுமாறும், நாலும் சேர்ந்து ஒரே நொடியில் நிற்பது அபூர்வம். உங்களுக்கு நாலும் சேர்ந்து நிற்கிறது, லோடில் நிற்பதில்லை. அதனால் தேட வேண்டியது சாவியிலிருந்து பாயின்ட் வரைக்கும் உள்ள 12 வோல்ட் வழி மட்டும்தான்.

அந்த வழியில் வரிசையாக இருப்பது பேட்டரி, சாவி, வெள்ளை வயர், காயிலின் பிளஸ், காயிலின் மைனஸ், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயர், பாயின்ட், எர்த். எங்கே அறுகிறது என்பதை ஓடும்போதே பார்த்துவிடலாம். முள் மீட்டர் ஒன்று எடுங்கள், 50 வோல்ட் டிசி ரேஞ்சில் வையுங்கள். காயிலின் மைனஸில் ஒரு நீள வயர், எர்த்தில் ஒன்று, இரண்டையும் பானட் இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்து முள்ளை மட்டும் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கட்டும். ஓடும்போது முள் நடுவில் எங்கேயாவது நிற்கும். கட் ஆகிற நொடியில் அது மேலே 13-க்குத் தாவுகிறதா, கீழே பூஜ்யத்துக்கு விழுகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

சேலத்துக்காரன்

மீட்டர் எதுக்கு, 12 வோல்ட் பல்ப் ஒண்ணை அதே இடத்துல மாட்டினா போதாதா? டைமிங் வைக்கறப்போ அப்படித்தானே பார்க்கறோம்.

பழைய_பட்டறை

டைமிங் வைக்கும்போது என்ஜின் நின்றிருக்கிறது, அதனால் பல்ப் சரி. ஓடும்போது வேண்டாம். பாயின்ட் திறக்கிற கணத்தில் காயிலின் பிரைமரியில் (12 வோல்ட் வருகிற சுற்றில்) 200, 300 வோல்ட் எழும்பும். அந்த எழுச்சிதான் செகண்டரியில் (பிளக்குக்குப் போகிற சுற்றில்) ஸ்பார்க்காக வருகிறது. பாயின்ட்டுக்குக் குறுக்கே பல்ப் மாட்டினால் அந்த வோல்ட்டை பல்ப் தின்றுவிடும், ஸ்பார்க் மெலியும். நாம் தேடுகிற கோளாறோடு நாமே செய்த கோளாறும் சேர்ந்துகொள்ளும். மீட்டர் அப்படி எதையும் இழுக்காது.

மார்க்4_கரூர்

அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சு பார்த்தாச்சுங்க. தம்பி மீட்டரை மடியில வச்சுக்கிட்டு வந்தான். கட் ஆகறப்போ எல்லாம் முள் மேலதான் தாவுது. 13-க்கு மேல போய் நின்னு, வண்டி திரும்ப உயிர் வந்ததும் நடுவுக்கு வந்துடுது. ஒரு தடவை கூடக் கீழ விழலை. அப்புறம் அதே வயரைக் காயிலோட பிளஸ்ல மாட்டி ஓட்டினோம். அங்கே கட் ஆகறப்போவும் வோல்ட் அப்படியே நிக்குதுங்க.

பழைய_பட்டறை

அருமை. பிளஸில் வோல்ட் நிற்கிறது என்றால் சாவி, வெள்ளை வயர் ரெண்டும் நல்லது. மைனஸில் முழு வோல்ட் ஏறுகிறது என்றால் காயிலைத் தாண்டி வந்த கரண்டுக்கு எர்த் போக வழி இல்லை. காயிலும் தப்பித்தது. பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால் பிளஸில் சப்ளை போயிருக்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வயர் உரசி பாடியில் ஷார்ட் ஆகியிருக்க வேண்டும். அதுவும் இல்லை.

ஆக, காயிலின் மைனஸிலிருந்து எர்த் வரை ஒரு முழ நீளத்துக்குள்தான் அறுபடுகிறது. கேப்பைக் கழட்டி, பாயின்ட் முகம் கருத்திருக்கிறதா, ஸ்க்ரூ லூஸா என்று பாருங்கள்.

மார்க்4_கரூர்

பாயின்ட் முகம் சாம்பல் கலர்ல சுத்தமா இருக்குங்க, ஸ்க்ரூ எல்லாம் டைட். பாயின்ட் இடைவெளி 0.015 இஞ்ச், ஃபீலர் கேஜ் வச்சுப் பார்த்தேன். சைடுல இருக்கற டெர்மினலும் டைட்டாத்தான் இருக்கு. மீட்டரை ஓம்ஸ்ல வச்சுப் பாயின்ட் மூடியிருக்கறப்போ பார்த்தா கன்டின்யூட்டி வருது. வண்டி நின்னா எல்லாமே நல்லா இருக்கு, அதுதான் குழப்பமா இருக்குங்க.

யாழ்_கேம்பிரிட்ஜ்

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். என்னட்டை இருக்கிறது ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜ். உங்கட அம்பாசிடரில இருக்கிற அதே 1489 சிசி பி சீரிஸ் எஞ்சின்தான் இதிலயும். டிஸ்ரிபியூற்றரும் கிட்டத்தட்ட ஒண்டுதான்.

எங்கட பக்கம் இந்தப் பழைய இங்கிலிஸ் கார்களை விட ஏலாமல் வைச்சிருந்த ஆக்கள் கனபேர். 90களில பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் இல்லை. ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோலை விட்டுட்டு மண்ணெண்ணெயில ஓடினம். மண்ணெண்ணெயில பிளக் கெதியாக் கரி பிடிக்கும், ஸ்பார்க் கொஞ்சம் மெலிஞ்சாலும் கார் நகராது. அதால இக்னிசனை ஒவ்வொரு வயராப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு வந்திட்டுது.

பட்டறை அண்ணை சொன்னதெல்லாம் சரி. நீங்கள் கேக்க வேண்டிய கேள்வி ஒண்டு மிச்சம் இருக்குது. லேசா மிதிச்சுக்கொண்டு போகேக்குள்ள மட்டும் டிஸ்ரிபியூற்றருக்குள்ள என்ன அசையுது?

வக்கியூம் அட்வான்ஸ்தான். காபரேற்றரிலயிருந்து ஒரு மெல்லிய குழாய் டிஸ்ரிபியூற்றர் பக்கத்தில இருக்கிற வட்டச் சிமிழுக்கு வருது, கண்டிருப்பீங்கள். ஐடிலில த்ரொட்டில் தகடு மூடியிருக்கிறதால அந்தக் குழாய்க்கு வக்கியூம் வராது. முழுசா மிதிச்சால் தகடு அகலத் திறந்து வக்கியூம் இல்லாமப் போகும். மேட்டில ஏறேக்குள்ளயும் அப்படித்தான். லேசா மிதிச்சுச் சீரா ஓடேக்குள்ளதான் வக்கியூம் நல்லாக் கிடைக்கும். அப்ப சிமிழுக்குள்ள இருக்கிற சவ்வு இழுபட்டு, பொயின்ற் பூட்டியிருக்கிற தகட்டைச் சுத்தித் திருப்பும். தகடு திரும்பேக்குள்ள அதோட சேர்ந்து ரெண்டு வயர் வளையுது. ஒண்டு வெளி ரேர்மினலிலயிருந்து பொயின்றுக்கு வாற வயர், மற்றது தகட்டை டிஸ்ரிபியூற்றர் பொடியோட இணைக்கிற சின்ன எர்த் வயர். நாற்பது வருசம் அதே இடத்தில வளைஞ்சு நிமிர்ந்தால் மேல் உறை வடிவா இருக்கும், உள்ள செம்பு அறுந்திருக்கும்.

பட்டறையில நிப்பாட்டி ரேஸ் பண்ணினால் ஏன் காட்டயில்லை எண்டதுக்கும் இதுதான் காரணம். டக்கெண்டு மிதிச்சு விடுறதில தகடு நிண்டு நிதானமாத் திரும்பாது.

காரை ஓட்டாமலே பிடிக்கலாம். காயிலிலயிருந்து வாற வயரைக் காயில் பக்கம் கழட்டுங்கோ. எஞ்சினைக் கையால சுத்திப் பொயின்ற் மூடின இடத்தில நிப்பாட்டுங்கோ. மீற்றரை ஓம்ஸில வைச்சு, ஒரு முனையை அந்த வயரிலயும் மற்றதை எஞ்சின் புளொக்கிலயும் குடுங்கோ. பிறகு வக்கியூம் குழாயைக் காபரேற்றர் பக்கம் கழட்டி, நுனியை நல்லாத் துடைச்சுட்டு, வாயால உறிஞ்சுங்கோ. தகடு திரும்பிறதைக் கண்ணாலயே காணலாம். முள் அந்த நேரம் விழுந்தால் விசயம் முடிஞ்சுது. மீற்றர் முனையைத் தகட்டில வைச்சுத் திரும்ப உறிஞ்சினால் ரெண்டு வயரில எது எண்டும் விளங்கும்.

மார்க்4_கரூர்

அண்ணா!! கிடைச்சிருச்சுங்க.

பாயின்ட் மூடி வச்சு உறிஞ்சினேன். தகடு திரும்பி முடியற இடத்துல முள் அப்படியே செத்து விழுந்துச்சு. விட்டா வந்துடுது. திரும்ப உறிஞ்சினா திரும்ப விழுது. அடுத்து ஒரு முனையைத் தகட்டு மேலயும் இன்னொண்ணை பிளாக்லயும் வச்சு உறிஞ்சினேன், அங்கே முள் ஆடவே இல்லை. அதனால எர்த் வயர் நல்லா இருக்கு. டெர்மினல்ல இருந்து பாயின்ட்டுக்குப் போற வயர்தான்.

கழட்டிக் கையில எடுத்துப் பார்த்தா வெளியில ஒரு கீறல் இல்லை. ரெண்டு நுனியையும் பிடிச்சு மெல்ல இழுத்தேன், நடுவுல ஒரு இடம் மட்டும் ஜவ்வு மிட்டாய் மாதிரி நீளுது. செம்பு முழுசா இருந்தா அப்படி நீள வழியே இல்லை. அந்த இடத்துல பிளேடு வச்சு உறையைக் கீறினேன். உள்ளே இழைங்க எல்லாம் பச்சை பிடிச்சு, ஒரே இடத்துல வெட்டின மாதிரி அறுந்து கிடக்கு. நிமிர்ந்திருக்கறப்போ நுனியும் நுனியும் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு, அவ்வளவுதான்.

இந்த ஒரு சாண் கூட இல்லாத வயருக்காகக் காயிலும் பம்ப் கிட்டும் மாத்தியிருக்கோம். ரெண்டு அண்ணாவுக்கும் ரொம்ப நன்றிங்க. இதுக்கு என்ன வயர் போடறது? வீட்டு வயரிங் வயர் இருக்கு.

பழைய_பட்டறை

வீட்டு வயர் கூடவே கூடாது. அது தடித்த இழை, விறைப்பானது. கொஞ்ச நாளில் திரும்ப அறும், அதற்குள் தகட்டின் அசைவையும் தடுக்கும். நல்ல மல்டிமீட்டர் முனைகளில் வருகிற மெல்லிய இழை சிலிகான் வயர் மிகப் பொருத்தம். சூட்டைத் தாங்கும்.

நுனியில் ஈயம் வைத்து சால்டர் பண்ணாதீர்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒரு அரை இஞ்ச் விறைப்பாகிவிடும், விறைப்பு முடிகிற இடத்தில் வளைந்து வளைந்து அறும். சின்ன வளைய லக் போட்டு நன்றாகக் கிரிம்ப் பண்ணினால் போதும். நீளம், தகடு முழுசாகத் திரும்பினாலும் இழுபடாத அளவு. அதற்காக அதிகம் விட்டால் கேமில் உரசும், ரோட்டாரில் சிக்கும்.

மாட்டும்போது நிறையப் பேர் தடுமாறுகிற இடம் பாயின்ட் போஸ்டில் இருக்கும் ஃபைபர் வாஷர். வயரின் லக், கண்டென்சரின் லக், பாயின்ட் ஸ்பிரிங் மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். மூன்றும் போஸ்டையோ தகட்டையோ தொடக் கூடாது. வாஷரை இடம் மாற்றிப் போட்டால் நேராக எர்த் ஆகி வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. கழட்டும்போது போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்த பிறகு பாயின்ட் திறந்திருக்கும்போது ஓம்ஸ் பாருங்கள், அப்போது கன்டின்யூட்டி வரக்கூடாது.

காயில் மாற்றினதாகச் சொன்னீர்கள், அதையும் ஒரு தடவை பாருங்கள். நெகட்டிவ் எர்த் வண்டியில் மைனஸ்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். மாற்றி மாட்டினாலும் ஓடும், ஆனால் பிளக்கில் ஸ்பார்க் தாவ அதிக வோல்ட் கேட்கும், காலையில் ஸ்டார்ட்டிங் மெதுவாகத் தடுமாறத் தொடங்கும்.

யாழ்_கேம்பிரிட்ஜ்

எர்த் வயர் இப்ப நல்லா இருந்தாலும் அதே வயசுதானே தம்பி. திறந்த கையோட அதையும் மாத்திப் போடுங்கோ. அந்த வயர் அறுந்தாலும் தகடு உராயிற இடத்தால கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும், எண்ணெய் படிஞ்சால் விட்டு விட்டுப் போகும். அது இன்னும் பெரிய தலையிடி.

உறிஞ்சேக்குள்ள இன்னொண்டும் பார்த்திருப்பீங்கள். குழாய் நுனியை நாக்கால அடைச்சுப் பிடிச்சால் தகடு திரும்பின இடத்திலயே நிக்க வேணும். மெல்லத் திரும்பி வந்தால் சவ்வு ஓட்டை. கார் ஓடும், ஆனால் பெற்றோல் குடிக்கும்.

மார்க்4_கரூர்

தகடு நிக்குதுங்க அண்ணா, சவ்வு நல்லா இருக்கு. ரெண்டு வயரும் மாத்தியாச்சு. காயில் மைனஸ், பிளஸ் சரியாத்தான் இருக்கு. டைமிங் பல்ப் வச்சுப் பார்த்துட்டேன். மீட்டரை மாட்டியே திண்டுக்கல் வரைக்கும் போய்ட்டு வந்தோம், முள் நடுவை விட்டு அசையலை. ஒரு கட் இல்லைங்க.

பாயின்ட்டையே எடுத்துட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போடச் சொல்லி ஒருத்தர் சொல்றாரு. போடலாமுங்களா?

பழைய_பட்டறை

போடலாம், கெட்டது இல்லை. பாயின்ட் தேய்மானம், அடிக்கடி இடைவெளி வைக்கிற வேலை ரெண்டும் மிச்சம். ஆனால் உங்கள் கோளாறுக்கு அது மருந்தாக இருந்திருக்காது. மாட்யூலும் அதே தகட்டு மேல்தான் உட்காருகிறது, அதன் வயரும் அதே தகட்டோடு வளைகிறது. பாயின்ட் நடுரோட்டில் மக்கர் பண்ணினால் ஃபீலர் கேஜும் உப்புத்தாளும் இருந்தால் வீடு வந்துவிடலாம். மாட்யூல் போனால் போனதுதான். என்னைக் கேட்டால் நல்ல பாயின்ட், நல்ல கண்டென்சர் வைத்து ஓட்டுங்கள். மாட்யூல்தான் வேண்டும் என்றால், பழைய தகட்டைப் பாயின்ட் செட்டோடு அப்படியே டிக்கியில் வைத்திருங்கள்.

பத்மினி_நெல்லை

இதே இழையில் கேட்கலாமா? பிரீமியர் பத்மினி, 1089 சிசி. எனக்கு வேக்குவம் மாதிரி இல்லை. அரை மணி நேரம் ஓடினதும் மிஸ் அடிக்க ஆரம்பித்து அணைந்துவிடும். ஆறவைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகும். காயில் புதுசு, தொட்டால் கை வைக்க முடியாத அளவு சூடு. காயிலா, கண்டென்சரா?

பழைய_பட்டறை

முதலில் அந்தப் புதுக் காயிலின் பிரைமரியை அளந்து பாருங்கள். ரெண்டு வயரையும் கழட்டிவிட்டு பிளஸ், மைனஸ் நடுவே சுமார் 3 ஓம் வர வேண்டும். ஒன்றரை ஓம் பக்கம் வந்தால் அது வெளியே பேலஸ்ட் ரெசிஸ்டர் (கரண்டை மட்டுப்படுத்தும் மின்தடை) வைத்து ஓட்ட வேண்டிய காயில். ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் மாட்டினால் இரண்டு மடங்கு கரண்ட் இழுத்துக் கொதிக்கும், பாயின்ட்டையும் எரிக்கும். கடையில் இது தெரியாமல் கொடுத்துவிடுவது நடக்கிறது. என்ஜின் நின்றிருக்கும்போது சாவியை ஆனில் விட்டுவிடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

3 ஓம் வந்தால், வண்டி அணைந்த அந்த நிமிஷமே பார்க்க வேண்டும். ஆறின பிறகு எல்லாமே நன்றாகத்தான் காட்டும். கேப்பைக் கழட்டி, பாயின்ட் மூடிய இடத்தில் என்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் பண்ணுங்கள். காயிலின் நடு வயரை ரப்பர் உறை போட்ட பிளையரால் பிடித்து பிளாக்கிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள், வெறும் கையால் வேண்டாம். பாயின்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்து திறந்து விடுங்கள். தடித்த நீல ஸ்பார்க் தாவினால் காயிலும் கண்டென்சரும் ரெண்டும் நல்லது, பெட்ரோல் பக்கம் போங்கள். மெலிந்த மஞ்சள் ஸ்பார்க், பாயின்ட் முகத்தில் பெரிய பொறி என்றால் கண்டென்சர். காயிலின் பிளஸில் வோல்ட் வந்தும் ஸ்பார்க்கே இல்லை என்றால் காயிலைச் சூட்டோடு திரும்ப அளக்க வேண்டும்: 3 ஓமுக்குக் கொஞ்சம் கூடியிருப்பது இயல்பு, முள் எழும்பவே இல்லை என்றால் உள்ளே சுற்று விட்டுப்போகிறது. பிரைமரி சரியாக இருந்தால் செகண்டரியையும் பாருங்கள்.

குளிர்ந்திருக்கும்போது ஒரு அளவு, அணைந்த உடனே ஒரு அளவு, ரெண்டையும் இங்கே போடுங்கள்.

பத்மினி_நெல்லை

குளிர்ந்த நிலையில் இப்போதே அளந்தேன். 1.6 ஓம் காட்டுகிறது. பழைய காயில் வீட்டில்தான் கிடக்கிறது, அது 3.2. வண்டியில் பேலஸ்ட் எதுவும் இல்லை.

பழைய_பட்டறை

பழையதை மாட்டி, பாயின்ட் முகத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துத் துடைத்து, இடைவெளி வைத்து ஓட்டுங்கள். புதுசைக் கடையில் கொடுத்து 12 வோல்ட்டில் நேராக ஓடுகிற 3 ஓம் காயிலாக மாற்றிக் கேளுங்கள். மீட்டரைக் கையோடு கொண்டுபோய் கவுன்டரிலேயே அளந்து வாங்குங்கள்.